வெள்ளைக் கோட்டும் ஒற்றை விரலும்

என் கணவருக்கு முப்பத்தாறு வயதில் திடீரென்று விளையாட்டின் மீது காதல் வந்தது. அதுவரை அவர் ஆடிய ஒரே ஆட்டம், சோபாவில் சாய்ந்துகொண்டு டிவியில் வரும் கிரிக்கெட் நடுவரைத் திட்டுவது. அதற்கே அவருக்கு மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவர் 2008 ஏப்ரலில் ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்து, கையில்லாத பனியன் ஒன்றையும் பாதித் தொடை தெரிகிற டவுசர் ஒன்றையும் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். யாரோ சின்னப் பையனுடைய துணி இவர் பைக்குள் மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"சனிக்கிழமை பிராக்டிஸ் இருக்கு" என்றார்.

"என்ன பிராக்டிஸ்?"

"ஃபுட்டி. ஆஸ்திரேலியா ஃபுட்பால். எங்க மேனேஜர் டீம் வெச்சிருக்காரு. ஒரு ஆள் குறையுதாம்."

"ஒரு ஆள் குறையுதுன்னா அவங்க ஒரு ஆளைத்தானே தேடுவாங்க? உங்களை எதுக்குக் கூப்பிட்டாங்க?"

அவர் டவுசரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, இன்னும் கொஞ்சம் துணி எங்காவது மடிந்து கிடக்கிறதா என்று பார்த்தார்.

விஷயம் விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். நாங்கள் அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில், நியூபோர்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பேங்கில் கான்ட்ராக்ட் ஊழியர். ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தக் கான்ட்ராக்ட் ரினியூ ஆக வேண்டும். ஆகாவிட்டால் அவர் விசா போகும்; அவர் விசாவின் வாலில் கட்டிய தகர டப்பாவைப்போல நானும் கடகடவென்று பின்னாலேயே போக வேண்டியதுதான். கிரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்காகப் பிடித்து வைத்த இடமும் போகும். அந்த வருஷம் பேங்குகளெல்லாம் ஆட்டம் கண்டுகொண்டிருந்தன. ரயிலில் ஏறுகிற தமிழ் முகங்கள் எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான் இருந்தது: டிசம்பரைத் தாண்டுவோமா?

இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்தவர் எங்கள் பக்கத்துக் கட்டடத்து பாய். கீழக்கரைக்காரர், நல்ல மனிதர், எங்கள் வட்டாரத்துக்கு அவர்தான் ஆலோசனை மண்டபம். அவருடைய மேனேஜர் கோல்ஃப் ஆடுவார். பாயும் கோல்ஃப் கற்றுக்கொண்டு, புல்லையும் மண்ணையும் பெயர்த்துப் பெயர்த்து இரண்டு ஆள்குறைப்புகளைத் தாண்டிவிட்டாராம்.

"தம்பி, மீட்டிங்ல பேசுறதெல்லாம் காத்தோட போயிரும்" என்று எங்கள் வீட்டு சமையலறையில் நின்றுகொண்டு உபதேசம் செய்தார். "மேனேஜர் கூட சேந்து வேர்வை சிந்தணும். அப்பத்தான் லிஸ்ட்ல பேர் வரும்போது அவனுக்குக் கை நடுங்கும்."

அவ்வளவுதான். மேனேஜர் எதை ஆடினாலும் அதற்குத் தமிழன் பிறவி ரசிகன். நல்லவேளை, அந்த ஆள் பாராசூட்டில் குதிப்பவராக இல்லை.

மேனேஜர் மெல்போர்ன்காரர். ஆறடிக்கு மேல் உயரம், காதோரத்தில் ஒரு பழைய தழும்பு, எல்லாரையும் 'மேட்', அதாவது 'நண்பா', என்பார். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார். அவர் சேர்த்து வைத்திருந்த கூட்டத்தில் ஊரை விட்டு வந்த ஆஸ்திரேலியர்கள் பாதி, வழி தவறி வந்த அமெரிக்கர்கள் மீதி. அப்புறம் ஒரே ஒரு ஈரோட்டுக்காரர்.

முதல் சனிக்கிழமை நானும் போனேன். வேடிக்கை பார்க்க. அந்த விளையாட்டைப் பார்த்தால் யாருக்கும் விதிகள் சொல்லித் தரப்படவில்லை என்றுதான் தோன்றும். பந்து கோழிமுட்டை வடிவத்தில் இருக்கும்; எந்தப் பக்கம் குதிக்கும் என்பது அதற்கே தெரியாது. கையால் பிடிக்கலாம், குத்தலாம், காலால் உதைக்கலாம், ஓடலாம். ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்து விழத்தட்டலாம். மேலே வருகிற பந்தைப் பிடிக்க முன்னால் நிற்பவன் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறலாம். அப்படி ஏறினால் கைதட்டுகிறார்கள்! பாவம், ஏறப்பட்டவனும் எழுந்து கைதட்டுகிறான்.

என் கணவர் முதல் மாதம் முழுவதும் ஏறப்படும் வேலையைப் பார்த்தார்.

ஆடுகளத்தின் ஒவ்வொரு கோடியிலும் நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையே பந்தை உதைத்து அனுப்பினால் கோல், ஆறு புள்ளி. குறி தப்பி ஓரக் கம்பங்களுக்கு இடையில் போனால் அதற்கும் ஒரு புள்ளி. தப்பு செய்தவனுக்கும் ஆறுதல் மதிப்பெண் கொடுக்கும் விளையாட்டு உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நம் ஊர்ப் பள்ளிக்கூட நிர்வாகிகள் யாராவது கண்டுபிடித்திருக்க வேண்டும். ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. நடுக் கம்பங்களுக்கு இடையில் போகிற பந்து, போகும் வழியில் யார் விரலிலாவது பட்டுவிட்டால் கோல் கிடையாது. ஒரு புள்ளிதான்.

பட்டதா படவில்லையா என்று பார்ப்பதற்கென்றே கம்பத்தடியில் ஒரு ஆள் நிற்பார். கோல் நடுவர். அவருக்கு வெள்ளைக் கோட்டு. கோல் என்றால் இரண்டு கைகளிலும் ஒவ்வொரு விரலை நீட்டிக் காட்டுவார், புள்ளி என்றால் ஒற்றை விரல். அப்புறம் அதற்கேற்றபடி இரண்டு கொடியையோ ஒரு கொடியையோ ஆட்டுவார். தூரத்திலிருந்து பார்த்தால் மருந்துக்கடைக்காரர் ஒருவர் ரயிலை நிறுத்துவதுபோல இருக்கும்.

செப்டம்பரில் மேனேஜர் அறிவித்தார்: அக்டோபரில் தேசியப் போட்டி. அமெரிக்கா முழுவதிலிருந்தும் கிளப்புகள் வரும், கலிபோர்னியாவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும்கூட. நாக்-அவுட் முறை. ஒரு ஆட்டம் தோற்றால் பையைக் கட்ட வேண்டியதுதான். இடம் எங்கள் மாநிலத்திலேயே, வெஸ்ட் வின்ட்சர் பக்கத்தில் ஒரு பெரிய மைதானம். ஒவ்வொரு கிளப்பும் தன் செலவில் ஒரு கோல் நடுவரையும் அவருக்கு ஒரு வெள்ளைக் கோட்டையும் கொண்டுவர வேண்டும் என்பது விதி.

"யார்கிட்டயாவது வெள்ளைக் கோட்டு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"என் ஒய்ஃப்கிட்ட இருக்கு" என்றிருக்கிறார் இவர்.

கோட்டைத்தான் சொன்னேன் என்று வீட்டுக்கு வந்து சத்தியம் செய்தார். ஆனால் மேனேஜர் கோட்டையும் அதற்குள் இருப்பவளையும் சேர்த்தே குழுவில் எழுதிக்கொண்டுவிட்டார்.

அந்தக் கோட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஈரோட்டில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பிளஸ் டூ வகுப்புக்கு வேதியியல் எடுத்தேன். அமெரிக்கா கிளம்பும்போது பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு மேலே அந்த லேப் கோட்டை மடித்து வைத்தேன். அங்கே போய் டீச்சராகிவிடலாம் என்று அப்படியொரு கனவு. விமானம் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, என் விசாவில் சமைக்கலாம், துவைக்கலாம், மூச்சு விடலாம். வேலை பார்க்கக் கூடாது. கோட்டு அலமாரியில் நாஃப்தலீன் உருண்டைகளோடு கிடந்தது.

பிராக்டிகல் தேர்வு எப்படி நடக்கும் என்று நம் ஊரில் படித்த எல்லாருக்கும் தெரியும். வெளியிலிருந்து ஒரு எக்ஸ்டர்னல் வருவார். அவருக்கு ஏசி கார், மதியம் பிரியாணி, சாயங்காலம் ஒரு பட்டுச் சால்வை. பையன் பியூரெட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் ஐம்பதுக்கு ஐம்பது. அந்தக் காலத்தில் உள் தேர்வாளராக இருந்த நான் ஒருத்திதான் நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு என்று போட்டுக்கொண்டிருந்தேன். கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டு, "போட்டு விடுங்க மேடம், யார் சொத்து போகுது?" என்பார். "நிறம் மாறினதுக்கு அப்புறமும் ஊத்திட்டே இருந்தான் சார்" என்பேன். அப்புறம் அவரே என் முப்பத்தெட்டை ஐம்பதாக்கி அனுப்புவார். என் சொல் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவ்வளவு தூரம்தான் ஓடியது. அமெரிக்காவில் அதுவும் இல்லை. கேஸ் கனெக்‌ஷனுக்குப் போன் போட்டால்கூட, "உன் கணவரிடம் கொடு" என்றுதான் சொன்னார்கள்.

ஆகவே கோட்டை எடுத்துத் துவைத்து இஸ்திரி போட்டேன். கொடிக்கு வெள்ளைத்துணி வேண்டும் என்றார்கள். என் கணவரின் வேட்டி ஒன்றைக் கிழித்துத் தைத்தேன்.

"அது நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த வேட்டி புள்ள."

"டவுசர் போடறவருக்கு வேட்டி எதுக்குங்க?"

கோபம் இருந்தாலும் இரண்டு வாரம் விதிப் புத்தகத்தை உட்கார்ந்து படித்தேன். சும்மா சொல்லக் கூடாது, படிக்கப் படிக்க ஆசையாக இருந்தது. கோல் நடுவர் சொன்னால் சொன்னதுதான். மைதானத்தின் நடுவே ஓடுகிற தலைமை நடுவர் சந்தேகம் கேட்கலாம்; ஆனால் கம்பத்தடியில் நிற்பவர் பார்த்ததைப் பார்க்காதவர் மாற்ற முடியாது. அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

போட்டியன்று பாய் தன் வண்டியில் எங்களை அழைத்துப்போனார். டர்ன்பைக் நெடுஞ்சாலை முழுவதும் அவர் என் கணவருக்கு வியூகம் சொல்லிக்கொண்டே வந்தார். "தம்பி, நீங்க கோல் போடணும்னு இல்ல. மேனேஜர் கண்ணுல படணும். அவர் விழுந்தா நீங்க தூக்கி விடணும். தண்ணி குடுக்கணும்."

"அதுக்கு இவரு விழாம இருக்கணும் பாய்" என்றேன்.

என் கணவர் சிரிக்கவில்லை. மடியில் பந்தை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆறு மாதத்தில் அவர் ஒரு கோல்கூடப் போட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். பிராக்டிஸில்கூட. அவரை எதிரணியின் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் நிறுத்தி வைப்பார்கள். பந்து அந்தப் பக்கம் வருவது அபூர்வம். வந்தாலும் யாராவது இவர் தோள்மீது ஏறிப் பிடித்துவிடுவார்கள். சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்ததும் ஐஸ் பையைத் தோளில் வைத்துக்கொண்டு, "இன்னிக்குக் கொஞ்சம் பக்கத்துல வந்துச்சு" என்பார். நான் அதை மேனேஜருக்காகச் சொல்லும் பேச்சு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

மைதானத்தில் ஒரே திருவிழாக் கூட்டம். எங்கு பார்த்தாலும் கையில்லாத பனியன்கள், கட்டுப் போட்ட விரல்கள், ரொட்டிக்குள் வைத்த சாசேஜ். நான் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோயிருந்தேன். ஒரு அலுமினிய டிரேயைக் கால் மணி நேரத்தில் மேய்ந்துவிட்டு, "இன்னொரு டிரே இல்லையா?" என்றார் மேனேஜர். இந்த மனுஷன் கையிலா நம் டிசம்பர் இருக்கிறது என்று நினைத்தபடி காலி டிரேயை மடக்கினேன்.

முதல் ஆட்டம் ஓஹாயோ பக்கத்திலிருந்து வந்த கிளப்போடு. அவர்களில் பாதிப் பேர் முந்தைய ராத்திரியின் பீரிலிருந்து இன்னும் இறங்கி வரவில்லை. ஜெயித்தோம். என் கணவர் பந்தைத் தொடவில்லை. நான் மட்டும் பதினான்கு முறை விரல் நீட்டிவிட்டேன், எங்கள் வீட்டில் அன்றைக்கு அதிகம் ஆடியது நான்தான். ஒவ்வொரு முறையும் விரலை நீட்டியதும் மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்து, ஒத்துக்கொண்டு, அவரவர் இடத்துக்குப் போனார்கள். ஐயோ, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வது? கரஸ்பாண்டென்ட் யாரும் குறுக்கே வரவில்லை.

மறுநாள் இரண்டாவது ஆட்டம், டெக்சாஸ் கிளப்போடு. அவர்கள் பீர் குடிக்காமல் தூங்கியவர்கள் என்பது நடையிலேயே தெரிந்தது. அடி என்றால் அப்படி ஒரு அடி. மேனேஜருக்கு உதடு கிழிந்தது. என் கணவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பாய் சொன்னபடியே ஓடினார். போகும் வழியில் தடுக்கி விழுந்தார். மேனேஜர்தான் அவரைத் தூக்கிவிட்டார்.

ஆனாலும் எங்கள் ஆட்கள் விடவில்லை. கடைசிக் கால்பகுதியில் நாங்கள் நான்கு புள்ளி பின்னால் இருந்தோம். ஒரு கோல் போட்டால் ஜெயிப்பு, இல்லையென்றால் மூட்டை கட்டு. எங்கள் அணி உதைக்கிற பக்கத்துக் கம்பத்தடியில்தான் நான் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நாற்பது அடி தள்ளி, அந்தப் புகழ்பெற்ற மூலையில், என் கணவர் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

எங்கிருந்தோ ஒரு உதை. பந்து மேலே எழும்பி மூலைப் பக்கம் வந்தது. இரண்டு டெக்சாஸ்காரர்கள் அதைப் பிடிக்க எகிறி, ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்தார்கள். பந்து நேராக வந்து என் கணவரின் வயிற்றில் இறங்கியது. அவர் இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிடிக்காவிட்டால் வலித்திருக்கும், அதற்காகப் பிடித்தார் என்பது என் கருத்து. விசில் ஒலித்தது. தரையில் படாமல் பிடித்தவனுக்கு நின்று நிதானமாக உதைக்கும் உரிமை உண்டு. அடுத்த நொடியே ஆட்டம் முடிந்ததற்கான சைரன். முடிந்தாலும் அந்த ஒரு உதை மட்டும் பாக்கி. அதுதான் விதி.

என் மனுஷன் பந்தைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லைக்கோட்டு ஓரத்தில் பாய் இரண்டு கையையும் தூக்கி துஆ கேட்டுக்கொண்டிருந்தார். மேனேஜர் ரத்த உதட்டோடு, "நீ போடுவே மேட்!" என்று கத்தினார். எங்கள் வீடு, விசா, டிசம்பர், எல்லாம் அந்தக் கோழிமுட்டைக்குள் இருப்பதாகத் தோன்றியது. போடுங்க, போட்டுருங்க என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

உதைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பந்து அவர் நினைத்த திசையில் போனது. நேராக, நடுக் கம்பங்களுக்கு நடுவில், என் தலைக்கு மேலே. கோல் கோட்டின்மேல் நின்ற ஒரு டெக்சாஸ்காரர் எகிறினார். நெட்டையான ஆள். அவர் நடுவிரலின் நுனி பந்தின் அடியில் பட்டது. சுழன்று வந்த பந்து ஒரு கணம் தயங்கி, சுழற்சி மாறி, பின்னால் விழுந்தது. நான் அதற்கு நேர் கீழே நின்றிருந்தேன். பியூரெட்டிலிருந்து கடைசிச் சொட்டு விழுந்து நிறம் மாறுவதை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்? பார்த்துவிட்டேன்.

எங்கள் ஆட்கள் ஓடிவந்து என் கணவரைத் தோளில் தூக்கினார்கள். அந்த நெட்டை ஆள், "டச்டு! டச்டு!" என்று விரலைத் தூக்கிக் காட்டினார். அதை யாரும் மதிக்கவில்லை. தடுக்கிற ஆட்கள் எல்லாரும் எப்போதும் அப்படித்தான் கத்துவார்கள். தலைமை நடுவர் மூச்சிரைக்க என்னிடம் வந்தார். தான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை, நீ என்ன பார்த்தாய் என்று கேட்டார்.

அதற்குள் என் கணவர் தோளிலிருந்து இறங்கி ஓடிவந்துவிட்டார். முகமெல்லாம் சேறு. பக்கத்தில் வந்து, யாருக்கும் புரியாத எங்கள் ஊர்த் தமிழில், தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கோல்னு காட்டிடு புள்ள."

"விரல்ல பட்டுச்சுங்க."

"இங்க யாருக்குத் தெரியப்போகுது? காட்டிடு. ஒரே ஒண்ணு."

"என் கண்ணுக்குத் தெரிஞ்சுதுங்க. நான் என்ன பண்றது?"

"ஒரே ஒண்ணு புள்ள..."

சுற்றிலும் ஆறடி ஆட்கள், ஒன்றும் புரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விதி பற்றி நாங்கள் ஆழமாக விவாதிக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். 'போட்டு விடுங்க மேடம்' என்ற குரல் ஈரோட்டிலிருந்து வெஸ்ட் வின்ட்சர்வரை என்னைத் தேடி வந்துவிட்டதே என்று எனக்கு எரிந்தது. வேலைக்காக இந்த மனுஷன் என்னைப் பொய் சொல்லச் சொல்கிறாரே என்று ஆத்திரம். அவரைப் பார்க்கவும் முடியவில்லை. நேராக நின்று, கையை முன்னால் நீட்டி, ஒற்றை விரலைக் காட்டினேன். அப்புறம் கம்பத்தடிக்குப் போய் அவருடைய நிச்சயதார்த்த வேட்டியில் தைத்த கொடி ஒன்றை எடுத்து ஆட்டினேன்.

மூன்று புள்ளியில் தோற்றோம்.

திரும்பும் வழியில் பாய் முதல் அரை மணி நேரம் பேசவில்லை. அது ஒரு சாதனை. அப்புறம் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஏம்மா, உங்களுக்குக் கண்ணுல தூசி கீசி விழுந்திருக்கக் கூடாதா?" என்றார். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து நாளில் செய்தி வந்தது. கான்ட்ராக்ட் ரினியூ ஆகாது. டிசம்பர் வரைகூட இல்லை. மாதக் கடைசியோடு சரி. வேறு எங்கேயும் யாரும் யாரையும் எடுக்காத காலம் அது. இவரைப் பேங்குக்கு அனுப்பிய கன்சல்டிங் கம்பெனிக்காரன் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டான். ஊருக்குத் திரும்புவது என்று முடிவானது.

வட்டாரம் முழுக்க ஒரே பேச்சு: அந்த வீட்டம்மா மேனேஜர் டீமைத் தோற்கடித்தாள், அதனால்தான் வேலை போனது. வார இறுதித் தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு ஆண்ட்டி, "ஏம்மா, நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணியிருக்கக் கூடாதா?" என்று என் கையைத் தடவிக்கொண்டே கேட்டார். அவருக்கு ஃபுட்டி என்றால் என்னவென்றே தெரியாது. என் கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சாதம் போட்டால் சாப்பிட்டார், பெட்டி கட்டச் சொன்னால் கட்டினார். நடுநடுவே சாமான் அறை வாசலில் நின்று எதையோ யோசித்தார். நான் சும்மா இருக்கிறவளா? "திட்டறதுன்னா வாயைத் திறந்து திட்டுங்க! நான் பார்த்ததைத்தான் சொன்னேன்!" என்று ஒரு நாள் கத்தினேன். "நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

வீட்டில் பாதிப் பொருள் விற்றுப்போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் வந்தார். கையில் என் வெள்ளைக் கோட்டு. போட்டி முடிந்ததும் அணியின் பனியன்களோடு சேர்த்துத் துவைக்கிறேன் என்று அவர்தான் வாங்கிப்போயிருந்தார். சுத்தமாக மடித்து, காகிதம் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். உதட்டுக் காயம் ஆறியிருந்தது. உட்கார நாற்காலி இல்லாததால் எங்களோடு தரையில், பெட்டிகளுக்கு நடுவில் சம்மணம் போட முயன்று தோற்று, காலை நீட்டி உட்கார்ந்தார்.

வருத்தமாக இருக்கிறது என்றார். என் கணவரை வைத்துக்கொள்ள முயன்றதாகவும், ஆகஸ்டிலேயே மேலிடத்தில் பெயர்கள் முடிவாகிவிட்டதாகவும், சொல்லக் கூடாது என்று தனக்கு உத்தரவு என்றும் சொன்னார்.

ஆகஸ்ட். போட்டி அக்டோபரில்.

"ஆகஸ்ட்லயே தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "அப்புறம் எதுக்கு இவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓட விட்டீங்க?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஒரு ஆள் குறைஞ்சுதே" என்றார்.

அதில் எந்தக் கபடமும் இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாயின் கோல்ஃப் சாஸ்திரம், வேர்வை, தண்ணீர் பாட்டில், எலுமிச்சைச் சாதம், என்னுடைய பாழாய்ப்போன கெஞ்சல், எல்லாவற்றுக்கும் அந்த ஆளிடம் இருந்த கணக்கு அவ்வளவுதான். பதினெட்டுப் பேர் வேண்டும், பதினேழு பேர் இருந்தார்கள். எங்கள் ஊரில் சண்டைக்காரன் வீட்டுக்கு வந்தாலும் காபி உண்டு. அன்றைக்கு நான் எழுந்திருக்கவே இல்லை. அவர் என் கணவரின் தோளைத் தட்டி, "நல்லா வந்துட்டிருந்தே மேட்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் ஜெயித்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் தலையில் சுமந்த பழி போயிற்றே!

"பாத்தீங்களா?" என்றேன். "என்னால ஒண்ணும் போகல. நான் ரெண்டு விரலைக் காட்டியிருந்தாலும் இதேதான். வேலை அப்பவே போயிருச்சு."

"ஆமா" என்றார். பெட்டிமேல் கிடந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அப்ப கோல்னே குடுத்திருக்கலாம்ல" என்றார்.

"என்னங்க இது? வேலைதான் ஏற்கனவே..."

"வேலைக்கு இல்ல புள்ள." அவர் குரலில் கோபமே இல்லை. "அன்னிக்கு மேனேஜரைப் பத்தியெல்லாம் நெனைக்கவே இல்ல. அந்தப் பந்து நேரா போச்சு பாரு, நான் உதைச்சது. என் வாழ்க்கையில எனக்கு அப்படி ஒண்ணும் போனதில்ல. அது ஒண்ணு எனக்கு இருந்திருக்கும்."

ஒரே ஒண்ணு, ஒரே ஒண்ணு என்று அவர் அன்றைக்குச் சொன்னது எதைப்பற்றி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு மாதமாக ஐஸ் பையோடு உட்கார்ந்து, 'இன்னிக்குக் கொஞ்சம் பக்கத்துல வந்துச்சு' என்று சொன்னாரே, அதுவும் அப்போதுதான் காதில் விழுந்தது. ஆனாலும் என் வாய் என் வாய்தானே?

"விரல்ல பட்டுச்சுங்க" என்றேன்.

"தெரியும். நானும் பாத்தேன்" என்றார். "தெரிஞ்சுதான் கேட்டேன்."

வாய்விட்டுத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் டேப்பை எடுத்து, பல்லால் கடித்துக் கிழித்து, அடுத்த பெட்டியை ஒட்ட ஆரம்பித்தார். நான் அட்டையின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.